மூன்றாவது வரிக்குப் பிறகு

முதலில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னார்கள். பாட்டு ‘நேத்து நெய்த’ என்ற இடத்தில் அறுந்து நின்றது. மூங்கில் மண்டபம் சிக்னலில் பூ விற்றுக்கொண்டிருந்தவள், சரத்தை முழம் போட்டபடியே மிச்சத்தை வாய்க்குள் பாடி முடித்தாள்: ‘புடவை போல, கமலாட்சிப் பொடி.’

வயரைக் கையில் வைத்திருந்தவன் அவளை முறைத்தான். அவள் எதற்கு முறைக்கிறான் என்று தெரியாமல், “எத்தினி மொழம்பா?” என்றாள்.

பின்சீட்டில் பாக்கெட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எஸ்தர் இறங்கினாள். பாதி ஆயுளைத் தறிக்குழியில் காலை விட்டுக் கழித்தவள். இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இன்று பிடித்துக்கொள்ளவில்லை.

“வயரக் குடுப்பா.”

“மேனேஜர் வந்துக்கினு இருக்காரு. அவராண்ட பேசிக்க.”

மேனேஜர் பைக்கில் வந்தான். பெயர் நாராயண். சின்ன காஞ்சிபுரத்துப் பையன், படிக்கப் போனதிலிருந்து சென்னையில்தான், முப்பதுகூட ஆகியிருக்காது. கழுத்தில் இந்திரவதனா சில்க்ஸ் அட்டை தொங்கியது. சென்னைக் கடை. காந்தி ரோட்டில் வியாழக்கிழமை புதுக் கிளை திறக்கிறார்கள். ஊரெல்லாம் தட்டி வைத்ததும், போன் எடுத்தால் பாட்டு வரச் செய்ததும் இவன் ஏற்பாடுதான்.

“அம்மா, நீங்க போடற பாட்டு எங்க கடை ட்யூன். ஒரு மாசமா ஓடிண்டிருக்கு. வக்கீல் கேஸ் போடுன்னார். நம்ம ஊர்க்காராளாச்சேன்னு நான்தான் நேர்ல வந்தேன்.”

“ஒரு மாசமா? இது இருபது வருசமா ஓடுதுபா. நீ டவுசர் போட்டுக்கினு இருந்தப்பலேர்ந்து.”

“எல்லாரும் அப்படித்தான்மா சொல்வாங்க.”

“எல்லாரும்னா? வேற யாரு சொன்னாங்க?”

நாராயண் கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டான். அவன் முகத்தில் திருட்டுக் களை இல்லை. அதுதான் எஸ்தருக்குப் புரியவில்லை.

“இந்த ட்யூன் எனக்கே தோணினது. மீட்டிங்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல. நான் பாடிக் காட்டினேன். மியூசிக் போடறவர் அப்படியே எடுத்துண்டார். இன்னொருத்தர் பாட்டைத் தூக்கணும்னு எனக்கு என்னம்மா?”

“அப்ப என் பாட்டு உன் தலைக்குள்ள எப்பிடிபா வந்துச்சி?”

“பழைய ரெக்கார்டு ஏதாவது இருந்தா காட்டுங்க. இந்தப் பென்டிரைவ நேத்துகூடப் பாடி ஏத்தியிருக்கலாம்.” குரலைத் தணித்துக்கொண்டான். “வியாழக்கிழமைக்குள்ள நிறுத்திடுங்கம்மா. வேற பாட்டு வெச்சுக்கோங்க. பொடிய விக்க வேண்டாம்னு யாரும் சொல்லலயே.”

வயரைச் சீட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆட்டோ ஓட்டும் ராமராஜன் அதை எடுத்துச் சொருகப் போனான். எஸ்தர் வேண்டாம் என்றாள். அன்று ஆட்டோ பாட்டில்லாமல் பிள்ளையார்பாளையம் வரைக்கும் போய்த் திரும்பியது. ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. பாட்டு வந்தால்தான் பொடி வந்ததாக அர்த்தம். ஒரு பெண் மட்டும், “இன்னா ராமராஜா, யாராச்சும் பூட்டாங்களா?” என்று சாவு விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

*

அந்தப் பாட்டு பிறந்த கதை பெரிய கதை இல்லை. ஓரிக்கையில் எஸ்தரின் பக்கத்து வீட்டில் இருந்த கமலாட்சி, பட்டுப்புடவை அலசப் பூந்திக்கொட்டையை இடித்துப் பாக்கெட் போட்டுப் புடவைக் கடை வாசல்களில் விற்றாள். சோப்பு பட்டால் ஜரிகை கறுக்கும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் பூந்திக்கொட்டையை யார் உட்கார்ந்து இடிப்பது. பொடி நல்ல பொடி. கூவி விற்கக் கமலாட்சிக்குத் தொண்டை இல்லை. எஸ்தருக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் பாட எழுந்தால் பாஸ்டர் மைக்கைத் தள்ளி வைத்துவிடுவார்.

“எனக்கு ஒரு பாட்டு கட்டிக் குடு எஸ்தரு. கேபிள் தணிகாசலம் டிவில போடறேன்றான்” என்றாள் கமலாட்சி.

எஸ்தர் தறியில் இருந்தபடியே கட்டினாள்.

பட்டெடுக்க நூறு கடை,
பட்டலச ஒரு பொடி,
நுரையில போட்டு முக்கியெடு,
நேத்து நெய்த புடவை போல, கமலாட்சிப் பொடி.

கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவள் உடலுக்கு, ஊடுநூல் வைத்த நாடாவை வீசிவிட்டு நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஆள் கரை நாடாவைத் தள்ளிவிட்டுக் குரல் கொடுத்தால்தான் அவள் அடுத்த மிதியை மிதிக்கலாம். எஸ்தருக்குப் பக்க ஆள் அவள் புருஷன் ஜெபகுமார். அவன் கொடுக்கும் குரல் ‘வுட்டேன்’. ஒரு நாளைக்கு ஆயிரம் முறை சொல்வான். தூக்கத்திலும் சொல்வான்.

தணிகாசலம் டேப்போடு கமலாட்சியையும் கூட்டிக்கொண்டு வந்த அன்று தறியை நிறுத்தினார்கள். எஸ்தரும் ஜெபகுமாரும் இறங்கவில்லை. வெளியே வெயில், தறி இருந்த அறைதான் குளிர்ச்சி. எஸ்தர் உட்கார்ந்த இடத்திலேயே பாடினாள். தறியில் கட்டின பாட்டு தறி நடையில்தான் வரும். மூன்றாவது வரி முடிந்ததும், தன்னையறியாமல் நின்றாள். பழக்கம். ஜெபகுமார் கையில் நாடா இருந்தது. அவள் நின்றால் அவன் தள்ளுவான். அதுவும் பழக்கம்.

டக். “வுட்டேன்.”

அவள் நான்காவது வரியைப் பாடி முடித்துவிட்டாள். அதன்பிறகுதான் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமலாட்சி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை பாடலாம் என்று எஸ்தர் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை அப்படியே ஒளிபரப்பானது.

ஒரு மாதத்தில் ஊர் அந்தப் பாட்டைப் பாடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர் பாடினார். எங்கே பாடினாலும், மூன்றாவது வரிக்குப் பிறகு நாக்கைத் தட்டி, ‘வுட்டேன்’ என்றார்கள். பொடிக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டில் இருந்தது, பாடினார்கள்.

ஜெபகுமாருக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. டீக்கடையில் டம்ளரை வைத்தால், “வுட்டேன்.” பஸ்ஸில் படிக்கட்டில் கால் வைத்தால் பின்னாலிருந்து, “வுட்டேன்.” சர்ச்சில் பாஸ்டர் பிரசங்கத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினால், பின் வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவன் பெயரே வுட்டேன் ஜெபகுமார் ஆகிவிட்டது.

“நான் செத்தா கல்லறைல அதத்தான் எழுதுவானுங்க” என்பான்.

“எழுதட்டுமே. வேற இன்னா எழுதறதுக்கு இருக்குது?” என்பாள் எஸ்தர்.

*

தணிகாசலத்தைத் தேடிப் போனாள். அவன் கேபிள் தொழிலை விட்டுத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தான். டேப்பெல்லாம் மழை வெள்ளத்தில் ஊறி, ஒட்டிக்கொண்டு, குப்பைக்குப் போய் வருஷமாகிறது என்றான். “பாட்டுதான் எல்லாருக்கும் தெரியுமேக்கா, டேப்பு எதுக்கு?” என்று கேட்டுவிட்டுக் கேனைத் தோளில் ஏற்றினான். பாட ஆரம்பித்துவிட்டான். அவன் படியேறி மறையும் வரைக்கும் கேட்டது. எஸ்தருக்கு ஆத்திரமாக வந்தது.

பொடிக்கொட்டகைக்குப் போனாள். கமலாட்சிக்கு இப்போது கண் சரியில்லை. தொழிலில் பாதியை எஸ்தருக்குக் கொடுத்துவிட்டு, கொட்டகையில் உட்கார்ந்து வாசனையை வைத்தே பொடி பார்க்கிறாள். பாக்கெட் ஒட்டும் பெண்கள் நான்கு பேர். அவர்களில் எஸ்தரின் தங்கை மகள் திரிஷா போனைச் சாய்த்து வைத்து எதையோ பார்த்தபடி ஒட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் விளம்பரமாக இந்திரவதனா பாட்டு வந்தது. வயலின், வீணை, சென்னைக் குரல்.

பட்டெடுக்க எத்தனை கடை,
பார்த்தெடுக்க ஒரே கடை,
காஞ்சி மண்ணின் கைவண்ணம்,

அங்கே வயலின் நின்றது. ஒரு மூச்சுக்கு ஒன்றுமே இல்லை.

டக். “வுட்டேன்” என்றார்கள் நான்கு பேரும். கைகள் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தன, தலை நிமிரவில்லை. அரை மூச்சு தாமதமாகக் கமலாட்சியும் சொன்னாள்.

கட்டிப் பார்க்க இந்திரவதனா.

எஸ்தர் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“திரிஷா, அத இன்னொரு வாட்டி போடு.”

“பெரிம்மா, அந்தக் கடைப் பாட்டா? கேட்டா உங்களுக்குக் கோவம் வருமே.”

“போடுடீ.”

மறுபடி போட்டாள். மறுபடி அதே இடத்தில் வயலின் நின்றது. மறுபடி நான்கு வாயும் திறந்தன. இம்முறை அவர்களே கவனித்துவிட்டார்கள். ஒருத்தி கையிலிருந்த பசையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏன் சொன்னீங்க?” என்றாள் எஸ்தர்.

“அங்க அதான வரும்” என்றாள் திரிஷா.

கமலாட்சி பொடியைக் கையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்: “எஸ்தரு, திருடனவன் வூட்ட மொத்தமா தூக்கிக்கினு பூட்டான். ஆனா உன் புருசன் உக்காந்த எடத்த மட்டும் காலியா வுட்டு வெச்சிருக்கான்டி.”

*

அன்று மத்தியானம் தறியில் வைத்து எஸ்தர் சொன்னாள்.

“வியாழக்கெழம அங்க போறேன்.”

“வுட்டேன்.”

“முதலாளியம்மா வராங்களாம். அவங்க முன்னாடி பாட்டப் போடச் சொல்லப் போறேன். ஊரு ‘வுட்டேன்’னு சொல்லிச்சின்னா பாட்டு என்து. சொல்லலேன்னா நானே அழிச்சிடறேன்.”

அடுத்த குரல் வரவில்லை. நாடா அவன் கையிலேயே நின்றது.

“இன்னாய்யா, தள்ளு.”

“காந்தி ரோட்ல, அத்தினி பேரு முன்னாடி, அதச் சொல்லச் சொல்லப் போறியா? இப்ப ஓரிக்கைதான் என்னைப் பாத்துச் சிரிக்குது. இனிமே பஸ் ஏறி வந்து சிரிக்கணுமா?”

“சொல்லச் சொல்ல மாட்டேன். அதுதான் பந்தயம். யாரும் சொல்லச் சொல்லக்கூடாது. தானா வரணும்.”

“வரலன்னா?”

“வரலன்னா கமலாட்சிக்கா கொட்டகையப் பூட்டிட வேண்டிதான். வேற பாட்டு வெச்சா யாருக்குத் தெரியப் போவுது?” அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அதுகூடப் பரவால்ல. நான் கட்டினத நான் திருடனேன்னு ஆயிடும். அத்த என்னால தாங்க முடியாது.”

ஜெபகுமார் கரையில் ஒரு இழையைச் சரிசெய்தான். பிறகு நாடாவைத் தள்ளினான்.

“வுட்டேன்” என்றான்.

*

வியாழக்கிழமை காந்தி ரோடு நிரம்பியிருந்தது. வாழைமரம், நாதஸ்வரம், வாசலில் பன்னீர். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நுழைய முடியாமல் நின்றது. கடை மாடியில் ஒருவன் இன்னும் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். மேடையில் நாராயண் மைக் பிடித்திருந்தான். முதலாளியம்மா குத்துவிளக்கு ஏற்றி முடித்து நாற்காலியில் அமர்ந்தாள். நரைத்த தலை, அரக்குப் புடவை. முகத்தில் சிரிப்போ கடுப்போ ஏதும் தெரியவில்லை.

எஸ்தர் மேடைப் படியருகே போனாள். செக்யூரிட்டி கையை நீட்டினான். முதலாளியம்மா பார்த்துவிட்டாள்.

“என்னம்மா?”

“உங்க பாட்டு என் பாட்டும்மா. நான் சொன்னா நம்ப வேணாம். ஒரே ஒரு வாட்டி இங்க போடச் சொல்லுங்க. மூணாவது வரி முடிஞ்சதும் ஜனம் இன்னா சொல்லுதுன்னு பாருங்க. ஒண்ணும் சொல்லலன்னா, என் பாட்ட இன்னைக்கே அழிச்சிடறேன். இந்தப் பக்கமே வர மாட்டேன்.”

நாராயண் குனிந்து முதலாளியம்மாவிடம் ஏதோ விளக்கினான். அவள் கேட்டுக்கொண்டே எஸ்தரைப் பார்த்தாள்.

“என்ன சொல்வாங்க?”

“நான் சொன்னா நான் சொல்லிக் குடுத்ததா ஆயிடும்மா.”

முதலாளியம்மா நாராயணைப் பார்த்தாள். “போடு. எப்படியும் போடத்தானே போறோம்.”

“தாராளமா” என்றான் நாராயண். அவனுக்குப் பயமில்லை. அது அவன் தலையில் பிறந்த பாட்டு.

கூட்டத்தில் நின்ற ஜெபகுமார் சுற்றிப் பார்த்தான். பாதி முகம் வெளியூர் முகம். புடவை எடுக்க வந்தவர்கள், பரிசுக் கூப்பனுக்கு வந்தவர்கள். அவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

பாட்டு எழுந்தது. பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். முதல் வரி, இரண்டாம் வரி. நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரி முடிந்தது. வயலின் நின்றது.

ஒன்றும் இல்லை.

எஸ்தர் மேடையை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“வுட்டேன்” என்றது ஒரு குரல், மேலேயிருந்து. விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவன். வாயில் ஸ்க்ரூ வைத்திருந்ததால் குழறியது. அவன் கீழே பார்க்கக்கூட இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று குரல். நான்காவது வரி அதன்மேல் வந்து மூடியது.

நாராயண் மைக்கை உயர்த்தினான். “யாரோ ஒருத்தர் ரெண்டு பேர்...” என்று ஆரம்பித்தான். ஆனால் அது அரை நிமிஷப் பாட்டு. இரண்டு சுற்று ஓடும். இரண்டாம் சுற்று தொடங்கிவிட்டது.

இம்முறை ஊருக்குத் தெரிந்துவிட்டது. வெற்றிலைக் கடை, பூக்காரிகள், கூடை வைத்திருந்த பெண்கள், எதிர்க் கடை விற்பனைப் பையன்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். மூன்றாவது வரி முடிந்ததும் நாக்கு தட்டும் சத்தம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சத்தமாகக் கேட்டது.

டக்.

“வுட்டேன்.”

அதற்கெல்லாம் மேலே, எல்லா ஸ்பீக்கரிலும், மிகத் தெளிவாக ஒரு குரல் அதையே சொன்னது. நாராயணின் குரல். மைக் அவன் வாயருகில் இருந்தது.

பாட்டு முடிந்தது. அவன் மைக்கைப் பார்த்தான். கூட்டம் சிரிக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் மட்டும் என்ன நடந்தது என்று பக்கத்தில் விசாரித்தார்கள்.

முதலாளியம்மா கேட்டாள்: “நீ ஏன்பா சொன்னே?”

“தெரியலம்மா.” அவன் நெற்றியைத் துடைத்தான். பிறகு வேறு குரலில், வீட்டுக்குள் பேசுகிற குரலில் சொன்னான்: “எங்காத்துல அந்தப் பொடிதான். அப்பாவோட பட்டு வேஷ்டிய அம்மா அதுலதான் அலசுவா. அலசறச்சே பாடுவா. நான் படிக்கட்டுல உக்காந்துண்டு அந்த எடத்துல இதச் சொல்லணும். அது என் பங்கு.” மைக் இன்னும் திறந்திருந்தது. காந்தி ரோடு முழுக்கக் கேட்டது. “நானா யோசிச்சதுன்னுதான் இத்தன நாளா நெனச்சிண்டிருந்தேன்மா. சத்தியமா.”

“தெரியும்பா” என்றாள் எஸ்தர். “திருடன் மூஞ்சி இல்ல உன்து.”

“உங்க பாட்டுல இத முதல்ல சொன்னது யாரு?” என்று கேட்டாள் முதலாளியம்மா.

தெருவே துண்டு போட்ட ஒரு தலையைத் திரும்பிப் பார்த்தது. ராமராஜன் அவனை முன்னால் தள்ளிவிட்டான்.

“அய்யா, ஒரு தரம் சொல்லுங்க” என்றாள் அவள்.

“அதெல்லாம் சும்மா சொல்ல வராதும்மா” என்றான் ஜெபகுமார். “அவ பாடி நிறுத்தணும்.”

எஸ்தர் மேடை ஏறினாள். மைக்கை நாராயணே நீட்டினான். அவள் அதை வாங்கிப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, மைக் இல்லாமல் பாடினாள். பட்டெடுக்க நூறு கடை. பஸ்காரர் இன்ஜினை அணைத்தார். பட்டலச ஒரு பொடி. நுரையில போட்டு முக்கியெடு.

நின்றாள்.

ஊர் ஒரு வாயும் திறக்கவில்லை. அவனுக்கு விட்டுக் கொடுத்தது. ஜெபகுமார் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். வலது கை நாடா தள்ளுவதுபோல அசைந்தது.

டக். “வுட்டேன்.”

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. கடைசி வரியை அவள் பாடினாளா இல்லையா என்று யாருக்கும் நினைவில்லை. மைக்கைத் திருப்பி வாங்க நாராயண் கை நீட்டினான். ஜெபகுமார் கொடுக்கவில்லை. தானாக இன்னொரு முறை சொன்னான். அப்புறம் இன்னொரு முறை.

“உங்களுக்கு என்ன வேணும்மா?” என்று முதலாளியம்மா எஸ்தரைக் கேட்டாள்.

“என் ஆட்டோ ஓடணும். பாட்டு கட்டனது யாருன்னு உங்க விளம்பரத்துல பேரு வரணும்.” கொஞ்சம் யோசித்தாள். “அப்புறம், நீங்க பாட்ட வெச்சிக்கிறதுன்னா, அந்த எடத்துல அவரு குரலச் சேத்துப் போடுங்க. காலியா வுட்டா பாட்டு நொண்டுது.”

முதலாளியம்மா முதல் முறையாகச் சிரித்தாள். “ஆமா. எனக்கும் ஏதோ குறையறாப்பலதான் இருந்துச்சு” என்றாள்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆட்டோ காலையிலேயே பாட்டோடு கிளம்பியது. செவிலிமேடு வரை போய், பிள்ளையார்பாளையம் வழியாகத் திரும்பியது. வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. மூங்கில் மண்டபத்தில் சிக்னல் விழுந்தது, நின்று போனார்கள். பாக்கெட்டுகள் தீர்ந்ததும் எஸ்தர் வீட்டுக்கு வந்து சோறு வைத்தாள். ஜெபகுமாருக்குத் தொண்டை கட்டியிருந்தது, மிளகு ரசம் கேட்டான். மத்தியானம் தறியில் உட்கார்ந்தார்கள். அவனுக்குக் குரல் வராததால் அன்று நாடாவைத் தள்ளியதும் கட்டையைத் தட்டிக் காட்டினான். நான்கு மணிக்கு நாராயண் போன் செய்து, ஜெபகுமார் குரலுக்கு ரெக்கார்டிங் திங்கட்கிழமை என்றான். கரண்ட் போனது. அதோடு வேலையை நிறுத்தினார்கள்.